கீழதானேப்பா?

என்னிடம் ஒரு குறை உண்டு. யார் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்ல எனக்கு வராது. இது பிறவிக் குறை இல்லை. சென்னையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பாடுபட்டுப் படித்து வாங்கியது.

நான் படித்தது எலக்ட்ரிக்கல் அண்ட் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் அது பிடிபடவில்லை. "கரண்டா, கம்ப்யூட்டரா? ஒண்ணு சொல்லுப்பா" என்பார்கள். இரண்டும்தான் என்றால், இரண்டிலும் பாஸாகாதவன் சொல்கிற பதில் மாதிரி பார்ப்பார்கள். (முதல் வருட மதிப்பெண்களை வைத்துப் பார்த்தால் அந்தப் பார்வையில் தப்பில்லை.) பல்கலைக்கழகத்தின் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்குப் போக பஸ் உண்டு. அவ்வளவு பெரிய இடத்தில் எங்கள் சீனியர்கள் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம்தான் கடைசிவரை மனதில் நின்றது. வைவாவில் எக்ஸாமினர் என்ன கேட்டாலும் தெரியாது என்று சொல்லாதே, கேள்வியில் இருக்கும் வார்த்தையையே எடுத்துத் திருப்பிச் சொல், முகத்தில் மட்டும் சந்தேகம் தெரியக்கூடாது. நான் எட்டு செமஸ்டரையும் இப்படித்தான் கடந்தேன்.

நான் கடைசி வருடம் படிக்கும்போது என் அக்கா ஷமீமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை இம்தியாஸ், ஆம்பூர்க்காரர். அவருடைய அம்மா உருது டீச்சர். எங்கள் வீட்டில் உருது பேசுவோமே தவிர, அக்கா படித்தது தமிழ் மீடியம். பெண் பார்க்க வந்த அன்றே டீச்சர், "பொண்ணுக்கு உருது எழுதப் படிக்கத் தெரியாதா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். அதிலிருந்து அக்காவுக்கு ஒரு பயம். மாமியார் தன்னை மட்டமாக நினைத்துவிடுவாரோ என்று.

அப்போதுதான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. கல்யாணப் பட்டுப்புடவையின் முந்தானையில் தன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் உருதுவில் ஜரிகையால் நெய்துவிட்டால்? மாமியார் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிடும்.

"நான் பண்ணித் தரேன்" என்றேன்.

காரணம் பாசம் மட்டும் இல்லை. எனக்கு ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் இருந்தது. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் தறிக்கான டிசைனாக மாற்றித் தரும் ஒரு ப்ரோகிராம் எழுதுவதாக கைடு மேடத்திடம் சொல்லி வைத்திருந்தேன். அக்காவின் முந்தானை எனக்கு ப்ராஜெக்டாகத் தெரிந்தது. இதை இப்போது எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

நெய்யப் போகிறவர் ஏகாம்பரம் மாமா. என் அப்பாவுக்குத் தையல் கடை. அதற்கு நாலு வீடு தள்ளி மாமாவின் தறி. இருவரும் தினமும் காலையில் ஒரே கடையில் டீ குடிப்பவர்கள், ஒரே செய்தித்தாளை இரண்டாகப் பிரித்துப் படிப்பவர்கள். அட்டையில் ஓட்டை போட்டு டிசைன் கொண்டுவந்த காலம் போய், மாமாவின் தறி மேலே பென் டிரைவ் செருகுகிற பெட்டி வந்திருந்தது. டிசைனை நான் கொடுத்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

ப்ரோகிராமில் உருது எழுத்து ஏறவே மாட்டேன் என்றது. எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் உதிரியாக விழுந்தன. போதாததற்கு, வலமிருந்து இடமாகப் போகவேண்டியது இடமிருந்து வலமாக ஓடியது. ஒரு வாரம் மல்லுக்கட்டி அதைச் சரிசெய்தேன். திரையில் இரண்டு பெயர்களும் அச்சடித்த மாதிரி வந்து நின்றபோது, திருப்பங்கள் எல்லாவற்றையும் திருத்திவிட்டதாக எனக்கு ஒரு மிதப்பு. இன்னும் ஒரு திருப்பம் பாக்கி இருந்தது எனக்குத் தெரியாது.

பென் டிரைவை மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "கீழதானேப்பா?" என்று கேட்டார்.

எது கீழே என்று எனக்கு விளங்கவில்லை. "எது மாமா?" என்று இரண்டே வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் வைவா பழக்கம் இருக்கிறதே, அது என்னை முந்திக்கொண்டது. பெயர்கள் முந்தானையின் கீழ் ஓரத்தில்தானே வருகின்றன என்று கேட்கிறார் போல, என்று நானே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

"ஆமா மாமா. கீழதான்."

"பாத்துட்டியா நல்லா?"

"பாத்துட்டேன் மாமா."

பெயர்கள் நெய்து முடித்த அன்று போய்ப் பார்த்தேன். தறியின் மேல் குனிந்தால் ஷமீமா, இம்தியாஸ் என்று தங்க எழுத்தில் பளிச்சென்று படிக்க முடிந்தது. மாமா ஒரு கைக்கண்ணாடியைத் துணிக்கு அடியில் பிடித்துக் காட்டினார். கண்ணாடியிலும் அழகாகப் படிக்க முடிந்தது. எல்லாக் கோணத்திலும் சரி. போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன், கைடு மேடத்துக்கும் அனுப்பினேன்.

மாமாவின் மனைவி சரோஜா அத்தைதான் சந்தேகப்பட்டார். "இன்னா தம்பி, மேல இருந்து பாத்தாலே உனக்கு படிக்க வருதா?"

"சூப்பரா வருது அத்தை."

"மேல இருந்தே வந்தா அப்பறம்..."

"அவங்க எழுத்தே அந்தப் பக்கம் இருந்துதாம்மா வரும், நீ இன்னாத்த கண்ட?" என்று மாமா அடக்கினார். "இன்ஜினியரு அவன். பாத்துதான் குடுத்துக்கிறான்."

நான் அடக்கமாகச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போல இருக்கிறது.)

கல்யாண மண்டபத்தில் அக்கா ரோஜா நிறப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி டீச்சர் வந்தார். அக்கா, காத்திருந்த மாதிரி, முந்தானையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முந்தானையைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார். வகுப்பில் நோட்டுத் திருத்துகிற குரலில் கேட்டார்.

"இது எந்த ஊரு உருதும்மா? எல்லாம் இடம் வலமா திரும்பியில்ல இருக்குது?"

பக்கத்தில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அக்காவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. நான் ஓடிப்போய் முந்தானையைத் திருப்பிப் பார்த்தேன். நூல் தொங்கும் பின்பக்கத்தில் இரண்டு பெயரும் அழகாக, நேராக இருந்தன. அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. மாமாவின் தறியில் புடவையின் நல்ல பக்கம் தரையைப் பார்த்தபடிதான் இருக்கும். அப்படி நெய்யும் தறிக்குப் படத்தை முதலிலேயே இடவலமாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். "கீழதானே?" என்று மாமா கேட்டது அதைத்தான். அன்று தறியிலும் கண்ணாடியிலும் பெயர்கள் தப்பாகத் தெரிந்திருந்தால் புடவை சரியாக இருந்திருக்கும். எல்லா இடத்திலும் சரியாகத் தெரிந்ததே தப்பு.

விஷயம் அப்பா காதுக்குப் போய்விட்டது. பந்தியில் அப்போதுதான் இலை போட்டிருந்தார்கள். ஏகாம்பரம் மாமா அதன் முன்னால் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அப்பா அங்கேயே போய் நின்றார்.

"இன்னா ஏகாம்பரம், இத்தினி வருசமா நெய்யிற. என் பொண்ணு பேர திருப்பிப் போட்டு வச்சிருக்கியே. சம்பந்திக்காரங்க முன்னாடி அவ எப்படி நிமிந்து நிப்பா?"

மாமா நிமிர்ந்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் சொல்லவேண்டிய நேரம் அதுதான். நான் போனை எடுத்து, வராத மெசேஜ் ஒன்றைப் படித்தேன்.

"தப்பு நம்முளுதுதான் பாய். கண்ணு அசந்துட்டேன்" என்றார் மாமா. இலையை அப்படியே விட்டு எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அரைமணி நேரம் கழித்து ஜல்வா சடங்கு. மாப்பிள்ளையும் பெண்ணும் முதல்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் கண்ணாடியில் பார்க்கவேண்டும். அக்கா அழுத கண்ணோடு முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியை நடுவில் வைத்தார்கள். இம்தியாஸ் மச்சான் குனிந்து பார்த்தார்.

"அம்மி, இங்க வந்து பாருங்க. கண்ணாடில ரெண்டு பேரும் சரியா இருக்குது" என்றார்.

டீச்சர் வந்து குனிந்தார். கண்ணாடிக்குள் அக்காவின் நெற்றிக்கு மேலே ஷமீமா, இம்தியாஸ். "அட, ஜல்வாவுக்குன்னே நெய்ய சொன்னீங்களா?" என்று கேட்டு அக்காவின் கன்னத்தை வழித்து முத்தம் வைத்தார். மண்டபமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். எல்லோருக்கும் எல்லாம் சரியாகிவிட்டது. சாப்பிடாமல் போன ஒரு மனிதரை யாரும் கூப்பிட்டு வரவில்லை. நானும்தான்.

அதற்குப் பிறகு அப்பா வேறு கடையில் டீ குடித்தார். செய்தித்தாளை முழுசாக அவரே வாங்கினார். நான் ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன்.

மே மாதம் ப்ராஜெக்ட் வைவா. தறியில் எடுத்த அந்த போட்டோவை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் போட்டிருந்தேன். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அதைக் காட்டி, "இது புடவையோட முன்பக்கமா, பின்பக்கமா?" என்றார்.

"முன்பக்கம் சார்." முகத்தில் சந்தேகம் தெரியவில்லை. கைடு மேடம் கைகுலுக்கினார். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். என்னால் அன்று மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிட முடியவில்லை. பஸ் ஏறி, காஞ்சிபுரத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் பையோடு ஏகாம்பரம் மாமா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தறியை நிறுத்தவில்லை. "எங்கிட்ட சொல்லி இன்னாப்பா ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சதுதானே. உங்கப்பாகிட்ட சொல்லு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாமா?"

"உங்க சொந்தக்காரங்க எல்லாம் நின்னுகினு இருக்காங்க. படிக்கிற புள்ளைய எப்படிப்பா காட்டிக் குடுக்கறது?"

அப்பாவிடம் சொன்னேன். அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "நீ அங்கதானே நின்னுகினு இருந்த?" என்று மட்டும் கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு நாலு வீடு தள்ளி நடந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று இருவரும் இன்றுவரை சொல்லவில்லை. மறுநாள் செய்தித்தாள் இரண்டாகப் பிரிந்தது.

இப்போது எங்கள் வீட்டில் நான் எதற்காவது சட்டென்று பதில் சொன்னால் போதும், அக்கா முதல் அவள் பெண்வரை எல்லோரும் "கீழதானேப்பா?" என்று கேட்பார்கள். ப்ரிட்ஜ் ஏன் ஓடவில்லை என்றாலும் அதுதான், ஆம்பூர் பஸ் எத்தனை மணிக்கு என்றாலும் அதுதான். அக்கா அந்தப் புடவையைக் கட்டுகிற நாளில் செல்ஃபி மட்டும்தான் எடுக்கிறாள். செல்போன் திரையில் பெயர்கள் நேராகத் தெரியுமாம்.

போன வருடம் எனக்குக் கல்யாணம். விருந்தில் மாமாவை நானே கைப்பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். இலை போட்டார்கள். அவர் இலையின் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்ஜினியரு, இது மேலயா கீழயா?"

பந்தியே சிரித்தது. அப்பா சிரித்துச் சிரித்து இருமினார்.

"தெரியாது மாமா" என்றேன்.

"ம். இப்ப படிச்சவன் மாதிரி பேசற" என்று சொல்லி, இலையில் தண்ணீர் தெளித்தார். போட்டோ எடுக்க மேடைக்கு வரச்சொல்லி என்னை மூன்று தடவை கூப்பிட்டார்கள். அவர் சாப்பிட்டு, இலையை மடிக்கிறவரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.