மஞ்சள் பூசிய வாலாட்டிகள்

மூன்று நாளாக ஓடையில் வாலாட்டிக் குருவி ஒன்றைக்கூடக் காணோம். மாதேஸ்வரன் கல் கல்லாகத் தேடிக்கொண்டிருந்தான்.

குருவி இருந்தால் என்ன, போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பங்குனி பன்னிரண்டாம் தேதி அவனுக்குக் கல்யாணம். அன்றைக்குத் தேதி மூன்று. கொல்லிமலைக்குப் பறவை பார்க்க வந்திருந்த வெள்ளைக்காரத் துரைக்கு வழிகாட்டியாக ரேஞ்சர் அவனைப் பிடித்துப் போட்டிருந்தார். துரை மலையிறங்கும்வரை அந்தண்டை இந்தண்டை நகரக் கூடாது என்று உத்தரவு. துரையோ கழுத்தில் பைனாக்குலரும் கையில் நோட்டுமாக, விடிந்தால் ஓடை, பொழுது சாய்ந்தால் கூடாரம் என்று பதினைந்து நாளாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மயில் வந்து மடியில் உட்கார்ந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். அவருக்கு வேண்டியது வாலாட்டி மட்டும்தான்.

"அந்தக் குருவிக்காகத்தான் துரை மெட்ராஸ்ல இருந்து வந்திருக்காரு" என்று அவருடைய பட்லர் மாணிக்கம் முதல் நாளே சொல்லியிருந்தார். துரைக்குத் தமிழ் வராது, மாதேஸ்வரனுக்கு இங்கிலீஷ் வராது. இரண்டும் தெரிந்த மாணிக்கத்துக்கோ கோழி வறுக்கவே நேரம் போதவில்லை. ஒரு கேள்வி கேட்டால் அரை பதில் கிடைக்கும்.

அன்று காலை பெண்ணின் அண்ணன் காளியண்ணன் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"மாப்ளே, எங்கப்பன் முடிவாச் சொல்லிட்டாரு. தையில ஒருக்காத் தள்ளிப் போட்டாச்சு. இந்தவாட்டியும் நீ வரலீன்னா, அதே பந்தல்ல சென்னம்மாளக் குப்புசாமிக்குக் கட்டிக் குடுத்துருவாராம்."

"குப்புசாமிக்கா? அவனுக்கு முன்பல்லே இல்லியே மச்சான்."

"பல்லு இல்லாட்டி என்ன, ஆளு பந்தலுக்கு வந்துருவானல்ல."

மாதேஸ்வரனுக்கு அழுகையே வந்துவிட்டது. தலையில் பலாப்பழத்தை வைத்து, கையால் பிடிக்காமலே சென்னம்மாள் காரவள்ளிப் பாதையில் இறங்கிப் போனதைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பு இல்லை. அவளைப் பொக்கைவாயனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு உயிரோடு இருக்க அவனுக்கு விருப்பமும் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கூடாரத்திலிருந்து மாணிக்கம் குரல் கொடுத்தார். "ஏப்பா மாதேசு, பொட்டியெல்லாம் கட்டச் சொல்லிட்டாரு துரை. நாளைக்கும் குருவி வரலீன்னா இங்கிருந்து கெளம்பறோம்." சொன்ன கையோடு உள்ளே போய்விட்டார்.

"போச்சு மச்சான்" என்றான் மாதேஸ்வரன். "இங்க குருவி இல்லீன்னு அடுத்த மலைக்குக் கூடாரத்தத் தூக்கறாங்க. அங்க ஒரு பதினஞ்சு நாளு உக்காருவாரு."

"அதுக்கென்ன, ஒரு குருவியப் புடிச்சுக் காட்டிட்டாப் போவுது. பாத்த திருப்தியில மனுசன் ஊரு போய்ச் சேருவாரு."

மலையில் குருவி பிடிக்கத் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. பலாப்பாலைக் காய்ச்சிப் பசையாக்கி, குச்சியில் தடவிக்கொண்டு காளியண்ணன் கிளம்பினான். ஓடை ஓடையாக ஏறி இறங்கி, எங்கோ ஒரு சுனையில் பிந்திப்போய் நின்றிருந்த வாலாட்டி ஒன்றை விடிவதற்குள் பிடித்துவந்தான். விளக்கெண்ணெய் போட்டுக் காலில் ஒட்டிய பசையைக் கழுவி, துரையின் மட்டக்குதிரை வாலிலிருந்தே ஒரு மயிரைப் பிடுங்கிக் குருவியின் காலில் கட்டி, மறுமுனையை ஓடைக் கல்லில் கட்டினார்கள்.

துரை வந்தார், பார்த்தார். பைனாக்குலரைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதிவிட்டுக் கூடாரத்துக்குப் போனார். கட்டிய பெட்டிகளை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்.

"பாத்தியா, அடுத்த மலைக்குப் போகல" என்று காளியண்ணன் மீசையைத் தடவிக்கொண்டான். "நாளைக்கு ஊருக்கு எறங்கிருவாரு பாரு."

மறுநாள் இறங்கவில்லை. அதற்கடுத்த நாளும் இறங்கவில்லை. வாலாட்டியும் இரண்டு வேளை புழு தின்றுகொண்டு, கட்டிய இடத்திலேயே மாமியார் வீட்டு மாப்பிள்ளையாகக் கொழுத்தது.

"ஒண்ணு பத்தலையாட்டம் இருக்குது மாப்ளே. அத்தாம் பெரிய எடத்துல இருந்து வந்தவரு. விருந்தாளிக்கு ஒத்த வடையா வெப்பாங்க?"

நியாயம்தான். ஆனால் மலை முழுக்கத் தேடியும் வேறு வாலாட்டி இல்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று, கிடைத்த சிட்டுக்குருவி நான்கைப் பிடித்துக் கல்லில் கட்டி, வாலாட்டிக்கு இருப்பதுபோல வயிற்றில் மஞ்சள் பூசினார்கள். வால் நீளம் போதாமல் கோழி இறகைப் பலாப்பசையால் ஒட்டினார்கள். எல்லாம் சரி, வாலை ஆட்டத் தெரிய வேண்டுமே. சிட்டுக்குருவிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

காளியண்ணன் பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, நான்கு வாலிலும் கட்டிய குதிரை மயிரைப் பிடித்து இழுத்தான். நான்கும் ஒரே நேரத்தில், கவாத்துப் பழகும் போலீஸ்காரர்களைப் போல வாலாட்டின. துரை உட்கார்ந்திருந்த முக்காலியை விட்டு எழுந்துவிட்டார். பக்கம் பக்கமாக எழுதினார். டீயைக்கூட மறந்துவிட்டார்.

"இன்னிக்குத் திருப்தி ஆயிருக்கும்" என்றான் மாதேஸ்வரன்.

பத்தாம் தேதி கோடை மழை பிடித்துக்கொண்டது. துரை குடை பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கு குருவிகளும் மஞ்சள் நிறத்திலிருந்து பழுப்பு நிறத்துக்கு மாறின. ஒன்றின் வால் கழன்று ஓடையோடு போயிற்று. துரை தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு அதையும் எழுதினார்.

சாயங்காலம் மாணிக்கம் சொன்னார்: "இன்னும் ஒரு மாசத்துக்குப் பிஸ்கோத்தும் அரிசியும் வாங்கியாரச் சொல்லி ஆள அனுப்பிட்டாரு."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாகிவிட்டது. பதினோராம் தேதி மத்தியானம் காளியண்ணன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"பந்தக்கால் நட்டாச்சு மாப்ளே. அந்தக் குப்புசாமி சவரம் பண்ணிக்கிட்டு எங்கூட்டு வாசல்ல வந்து உக்காந்திருக்கறான்."

மாதேஸ்வரனுக்கு இனி மானம் என்ன, மரியாதை என்ன. ஓட்டமாக ஓடிப்போய், அடுப்படியில் கோழி வறுத்துக்கொண்டிருந்த மாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணீர் கொட்டியது.

"ஏனுங்க, நாளைக்கு எனக்குக் கண்ணாலமுங்க. இன்னும் எத்தன குருவியக் காட்டுனா துரை மலைய உட்டு எறங்குவாருங்க? நூறுன்னாலும் புடிச்சாரேனுங்க."

மாணிக்கம் கரண்டியை நிறுத்தாமலே அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"குருவியக் காட்டுனா எப்படிப்பா எறங்குவாரு? கடைசி வாலாட்டி மலைய உட்டு வடக்க போற தேதிய எழுதிக்கத்தான் துரை வந்து உக்காந்திருக்காரு. நாலு நாளு சேந்தாப்பல ஒண்ணுமே கண்ணுல படலீன்னா அன்னைக்கே எறங்கிருவோம். மூணு நாளு ஆகி மூட்டையும் கட்டுனதுக்கப்புறம், எந்த மானங்கெட்ட குருவியோ திரும்பி வந்துருச்சு."