தட்டில் கிடந்த வெள்ளை முடி

கடன்காரனுக்குப் பயந்து பொய் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். மனைவிக்குப் பயந்து பொய் சொல்பவர்களில் நானே ஒருவன். ஆனால் ஒரே ஒரு முடிக்குப் பயந்து பொய் சொன்ன ஆள் போடி வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த முடி என்னுடையதுகூட இல்லை. என் நாயுடையது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்து மூன்று வயது. போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, மலைச் சரிவில் இருந்த ஒரு ஏலக்காய் ஸ்டோரில் சூப்பர்வைசர். பச்சைக் காயை உலர்த்தி, பெண்கள் உட்கார்ந்து தரம் பிரித்து, மூட்டை கட்டிக் கீழே அனுப்பும் வரை எல்லாம் என் பொறுப்பு. (பொறுப்பு என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார். நான் செய்தது, சட்டைப் பையில் இரண்டு பேனாவைக் குத்திக்கொண்டு நடந்தது.) ஸ்டோரை ஒட்டிய சின்ன அறையில் தங்கியிருந்தேன். கூட பவுடர்.

பக்கத்து எஸ்டேட் பங்களாவில் ஒரு வெள்ளைச் சடைநாய் இருந்தது. அது ஒருநாள் வேலி தாண்டியதில் பிறந்தது பவுடர். உடம்பு முழுக்க அம்மாவின் முடி. மூஞ்சி அசல் நாட்டு நாய். கால் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சம்பந்தமில்லாத குட்டை. பங்களாக்காரர்கள் அதை வெளியே காட்ட வெட்கப்பட்டு என்னிடம் தள்ளிவிட்டார்கள். நான் கருவாட்டுச் சோறு போட்டேன், பார் சோப்பில் குளிப்பாட்டினேன், அட்டை பிடுங்கினேன். அந்தக் குளிரில் அது என் காலடியில் படுத்துக்கொண்டது. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத மலையில் அதுதான் எனக்கு வீட்டு மனுசர்.

ஒருநாள் பவுடரின் மூக்கிலிருந்து ரத்தம். தும்மல் நிற்கவில்லை. நான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கே ஓடுவது என்று தெரியாததால் ஸ்டோரையே இரண்டு சுற்றுச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் சின்னத்தாயக்கா மறித்தார்.

சின்னத்தாயக்கா, மலையடிவாரத்து முந்தலிலிருந்து தினமும் ஜீப்பில் ஏறி வந்து காய் பொறுக்கும் பன்னிரண்டு பெண்களில் ஒருவர். ஐம்பது வயதுக்குள் தலை முழுக்க வெளுத்துவிட்டது. கணவர் இல்லை. அந்த வேலைதான் அவருக்குச் சோறு.

“மூக்குக்குள்ள அட்டை ஏறியிருக்கு அப்பு. ஒரு கும்பாவுல தண்ணி கொண்டா, வெரசா.”

நாயை மடியில் போட்டு, மூக்குக்கு நேராகத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். “அதுக்கும் தண்ணி தாகம் எடுக்கும்ல” என்றார். கொஞ்ச நேரத்தில் அட்டை மெதுவாகத் தலையை நீட்டியது. சேலை முந்தானையால் பிடித்து இழுத்து எறிந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலக் காய் பொறுக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து பவுடர் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் பக்கத்தில்தான் உட்காரும். இதை ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்றால், நான் யாருக்கு என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

மார்கழியில் பவுடருக்கு இருமல் வந்தது. ஸ்டோரில் கதகதப்பான ஒரே இடம் காய் உலர்த்தும் அறை. ஏலக்காய் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை இழுத்துக்கொள்ளும் என்பதால், அந்த அறைப் பக்கம் பீடி பிடித்தால்கூட முதலாளி தோலை உரிப்பார். நாயை விடுவதா? நான் விட்டேன். அடுப்பை அணைத்துச் சூடு இறங்கியதும், விடியற்காலையில் ஒரு சாக்கை மூலையில் விரித்துப் பவுடரைப் படுக்க வைப்பேன். ஆட்கள் வருவதற்குள் வெளியே கொண்டுவந்துவிடுவேன். சாக்கில்தான் படுத்திருக்கிறது என்று நம்பினேன். அதற்கு என்னைவிட மூளை இருந்தது. கீழ்த்தட்டில் பரப்பியிருந்த காயின் மேல் ஏறிப் படுத்திருக்கிறது.

பத்து நாள் கழித்து, முதலாளி என்னை முதல் முறையாகப் போடியில் ஏலத்துக்குக் கூட்டிப்போனார். நான் சட்டையை இஸ்திரி போட்டு, மூன்றாவதாக ஒரு பேனாவும் குத்திக்கொண்டேன். எங்கள் மாதிரிக் காயைத் தட்டில் கொட்டினார்கள். நல்ல பச்சை, நல்ல பருமன். ஒரு வியாபாரி தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இரண்டு விரலால் எதையோ தூக்கினார். வெள்ளை முடி.

“ஏண்ணே, இந்த லாட்டுக்கு சவரி முடியும் சேத்தா தர்றீக?”

ஏலக்கூடமே சிரித்தது. எங்கள் காயை யாரும் கேட்கவில்லை. முதலாளி அந்த முடியை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஜீப் மலையில் பாதி வளைவுகளைத் தாண்டியது. பிறகு கேட்டார்.

“யாரு முடிய்யா அது?”

எனக்குத் தெரியும். பார்த்த உடனே தெரியும். என் வாயிலிருந்து வந்தது இது:

“பொறுக்குறவகள்ல ஒருத்தருக்குத்தான் நரைச்ச தலை முதலாளி.”

பெயரைச் சொல்லவில்லை, பாருங்கள். அதை அன்று பெரிய நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை முதலாளி எல்லோர் முன்னாலும் சின்னத்தாயக்காவைக் கூப்பிட்டார். “நாளைலருந்து வர வேணாம்த்தா” என்றார். ஒரு ஸ்டோரில் காயைக் கெடுத்தவர் என்று பேர் விழுந்தால் அடுத்த ஸ்டோரில் சேர்க்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் விடவில்லை. “எம் முடியா? என் தலையில இருக்கது எம்புட்டு நீளம்னு பாருங்க முதலாளி” என்று தலைத்துணியை அவிழ்த்துக் கொண்டையைப் பிரித்தார். இடுப்பு வரை விழுந்தது. முதலாளி காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே இருந்தது சுண்டுவிரல் நீளம்.

சின்னத்தாயக்கா அதைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு என் காலடியில் வாலாட்டிக்கொண்டிருந்த பவுடரைப் பார்த்தார். கொண்டையை முடிந்துகொண்டார்.

முதலாளிக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. “நீளம் பத்தலையே” என்றார். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்: “ஒடைஞ்ச முடியா இருக்கும் முதலாளி.” இன்றைக்கும் குளிக்கும்போது இந்த வாக்கியம் ஞாபகம் வந்தால் தண்ணீரை வேகமாகத் தலையில் ஊற்றிக்கொள்வேன். “சரிங்க முதலாளி, வர்றேன்” என்று சின்னத்தாயக்கா ஜீப் நிற்கும் பக்கம் நடந்தார்.

இதோடு நின்றேனா? தடயத்தை அழிக்க முடிவு செய்தேன். சாக்குத் தைக்கும் கத்தரியை எடுத்துப் பவுடரின் முடியை மொத்தமாக வெட்டித் தள்ளினேன். மார்கழி மலைக் குளிரில். வெட்டி முடித்தபோது அது தோல் உரித்த பலாக்கொட்டை மாதிரி நின்று நடுங்கியது. என் மப்ளரைச் சுற்றிவிட்டேன். அவசரத்தில் வால் நுனியை விட்டுவிட்டேன்.

நானாகப் போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். இல்லை, பிடிபட்டேன். நான்காம் நாள் முதலாளி வந்தார். மப்ளர் கட்டிய நாயைப் பார்த்தார்.

“என்னய்யா ஆச்சு இதுக்கு?”

“சொறி முதலாளி.”

“வாலுல மட்டும் சொறி இல்லையாக்கும்.”

குனிந்து வால் நுனியில் ஒரு முடியைப் பிடுங்கினார். பையிலிருந்த காகிதத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. அறையவில்லை. “நாய் செஞ்சது தெரியாமச் செஞ்சது” என்று மட்டும் சொன்னார். என் பையிலிருந்த பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். “போய் அந்தம்மாவக் கூட்டிட்டு வா. அவக வரலேன்னா நீயும் வராத.”

பவுடரைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் முந்தலுக்கு இறங்கினேன். சின்னத்தாயக்கா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் வழி நெடுகத் தயார் செய்துவைத்திருந்த மன்னிப்பைத் தொடங்குவதற்குள் அவர் கண்ணில் நாய் பட்டுவிட்டது.

“அடப்பாவி. மார்கழிக் குளிருல இத இப்படிச் செரைச்சு வச்சிருக்கயே. எனக்குச் சோலி போனா நாலு காட்டுல களை எடுத்துப் பொழைச்சுக்கிருவேன். இதுக்கு எவன்டா முடி குடுப்பான்?”

பவுடரைப் பிடுங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். அது ஒரு மாதிரி முனகியது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

“உங்களுக்கு அன்னைக்கே தெரியும்தானேக்கா. ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா முதலாளி நாயைத் தூக்கிப் பள்ளத்துல எறிஞ்சிருப்பாரு. நீ தடுக்கவா போற?” என்றார். பிறகு குரலை இறக்கினார். “பத்து நாளா காயில வெள்ளை முடி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. ஒவ்வொன்னாப் பொறுக்கி மடியில போட்டுக்கிட்டே இருந்தேன். ஒன்னு என் கண்ணுக்குத் தப்பிப் போச்சு. அந்த மட்டுக்கும் எம்மேலயும் தப்புத்தான்.”

எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்கக் கூடாது என்று விறகைப் பிளப்பது போல நடித்தேன். (பிளக்கவும் வரவில்லை.)

அவர் திரும்ப வேலைக்கு வந்தார். ஒரு நிபந்தனை: முடி வளரும் வரை நாய் அவரிடம். முடி இரண்டு மாதத்தில் வளர்ந்துவிட்டது. நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை. தினமும் காலையில் ஜீப்பில் அவர் மடியில் பவுடர் வரும். பகலெல்லாம் என்னோடு சுற்றும். சாயங்காலம் ஜீப் கிளம்பும்போது, என்னை ஒரு தடவை நக்கிவிட்டு அவரோடு ஏறிவிடும். யாரிடம் இருந்தால் பாதுகாப்பு என்று அதற்குத் தெரிந்திருந்தது. சின்னத்தாயக்கா கடைசிவரை இதைச் சொல்லிக் காட்டவே இல்லை. ஒரு தடவையாவது காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்.

கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் இந்தக் கதையைச் சொன்னது அடுத்த தவறு. எங்கள் வீட்டில் ரசத்தில் முடி கிடந்தால், “யாரு முடி?” என்று அவள் கேட்பாள். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே குரலில், “ஒடைஞ்ச முடியா இருக்கும் முதலாளி” என்பார்கள். இப்போது பேரப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் யாருக்கும் கதை முழுதாகத் தெரியாது. வாக்கியம் மட்டும் தெரியும்.

என் தலையும் இப்போது முழுக்க வெளுத்துவிட்டது. சோற்றில் வெள்ளை முடி கிடந்தால் அவர்கள் கேட்பதற்கு முன்பே, “என்னுதுதான்” என்று சொல்லிவிடுகிறேன். கறுப்பாக இருந்தாலும் அப்படித்தான் சொல்கிறேன்.