வின்சன் நற்சான்றிதழ் கேட்டு எழுதியது

முல்லைத்தீவு,
சனிக்கிழமை காலை.

மதிப்புக்குரிய செபமாலை மாமா அவர்களுக்கு,

மருமகன் வின்சன் பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் ஆன்சலாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்கிறோம். வவுனியாவில் தாங்களும் மாமியும் சுகமாயிருக்கவும், மாமியின் முழங்கால் வலி குறையவும் மன்றாடுகிறோம்.

நிற்க. தாங்கள் இளைப்பாறிய அதிபர், சமாதான நீதவான். தங்கள் கையொப்பத்துக்கு ஒரு மரியாதை உண்டு. எனது சாரதி அனுமதிப்பத்திரத்தை நீதிமன்றம் இரண்டு வருடத்துக்கு நிறுத்தி வைத்திருப்பது தாங்கள் அறிந்ததே. இன்னும் பதினொரு மாதம் கிடக்கிறது. நான் திருந்திவிட்டேன் என்று தங்களைப் போன்ற ஒருவர் நற்சான்றிதழ் தந்தால் முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம் என்று சட்டத்தரணியின் கிளாக்கர் சொல்கிறார். ஆகவே நான் திருந்திய விதத்தை ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன்.

முதல்தரம் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டது கலியாண வீடு ஒன்றுக்குப் போய்வரும்போது. பொலிஸ் மறித்துப் பலூன் ஊதச் சொன்னது. பலூனில்தான் பிழை என்று நான் கோட்டில் சொன்னேன், நீதவான் சிரிக்கவில்லை. தண்டமும் ஆறு மாசத் தடையும் விழுந்தது. அந்த ஆறு மாசத்தில நான் திருந்தினதாய் எல்லாரும் நினைச்சினம், நானும் நினைச்சன், ஆனா நான் படிச்சதெல்லாம் பொலிஸ் நிக்காத ஒழுங்கையளைத்தான் மாமா. லைசன்ஸ் கைக்கு வந்து ஒன்பதாம் நாள் பரந்தனில மீன் இறக்கிப்போட்டு, வழியில ரெண்டு இடத்தில நிண்டு குடிச்சுப்போட்டு, வெறும் பெட்டியளோட வரேக்க உடையார்கட்டில லொறி றோட்டை விட்டு இறங்கி கமலாசனி அக்காவின்ர தேத்தண்ணிக் கடைக்குள்ள போயிட்டுது. லொறி போயிட்டுது எண்டு எழுதிறன் பாருங்கோ. நான்தான் கொண்டு போனனான். அவான்ர வலது கால் ரெண்டு இடத்தில முறிஞ்சுது.

நீதவான் மறியல் தண்டனையை ஒத்திவைச்சு, ஆசுபத்திரி வளவு கூட்டிற வேலையும் புதன்கிழமை வகுப்பும் தந்தார். வகுப்பில ஏழு பேர், ஏழு பேரும் ரெண்டாந்தரம் பிடிபட்ட ஆக்கள். நடத்திறவா தாட்சாயினி எண்டு ஒரு பிள்ளை. என்ர மூத்தவளை விடக் கொஞ்சம் கூட வயசு வரும், ஆனா நாங்கள் மிஸ் எண்டுதான் கூப்பிடுறது. முதல்நாளே கேட்டா, "இனிக் குடிச்சுப்போட்டு வாகனம் ஓடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணக்கூடிய ஆக்கள் கையை உயர்த்துங்கோ." ஏழு கையும் எழும்பிச்சுது. "முதல்தரம் பிடிபட்ட பிறகும் இப்பிடித்தானே உயர்த்தினனீங்கள்?" ஏழு கையும் இறங்கிச்சுது. "குடிச்சாப்பிறகு வாற புத்தியை நம்பாதேங்கோ. குடிக்க முன்னமே வாகனத் திறப்பை ஆரிட்டையெண்டாலும் குடுங்கோ" எண்டா.

நான் ஆன்சலாவிட்டைக் குடுத்தன். அவா அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வைச்சா. கலியாணம் கட்டி இருபது வருசமாக் குசினிப் பக்கம் போகாத நான் அண்டைக்கு அரிசி களையிறன் எண்டு வெளிக்கிட, அவாவுக்கு விளங்கிட்டுது. திறப்பைப் பாதரிட்டைக் கொண்டுபோய்க் குடுத்திட்டா. பாதர் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய, ஞானப் பாட வகுப்பு அறிவித்தலுக்குப் பிறகு, "வின்சன்ர லொறித் திறப்பு என்னட்டை இருக்கு, அவரை எந்த வாகனத்திலயும் சாரதி ஆசனத்தில கண்டால் எனக்கோ தாட்சாயினி மிஸ்ஸுக்கோ அறிவியுங்கோ" எண்டு கோயில் முழுக்கக் கேக்கச் சொல்லிப்போட்டார். அதுக்குப் பிறகு ஊரே பொலிஸ் மாமா. நிண்ட இடத்திலயே நிக்கிற லொறிக்குள்ள கோழியள் முட்டையிடத் தொடங்கிட்டுது. ஒரு நாள் முட்டை எடுக்க ஏறினன், இறங்க முன்னம் மிஸ்ஸின்ர போன் வருது.

"அண்ணை, எங்க இருக்கிறியள்?"

"முட்டை எடுக்கிறன் மிஸ்."

"எத்தினை?"

"நாலு."

"சரி. எனக்குப் போன் பண்ணின ஆளும் நாலு எண்டுதான் சொன்னவர்."

இன்னுமொண்டு எழுதவேணும். கமலாசனி அக்காவை மாசம் ஒருக்காக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறது நான்தான். நீதவான் சொல்லேல்லை, மிஸ்ஸும் சொல்லேல்லை. முதல்நாள் போய் அவான்ர வாசலில நிண்டன், அவா பையை என்ர கையில தந்தா. ஏழு மாசமா பஸ்ஸில பக்கத்தில பக்கத்தில இருந்து போறம், ஒரு சொல்லுக் கதைச்சதில்லை. போன மாசந்தான் யன்னலைப் பாத்துக்கொண்டு கேட்டா.

"நீர் அண்டைக்கு பிரேக் பிடிச்சனீரோ?"

"எனக்கு ஞாபகமில்லை அக்கா."

"எனக்கு எல்லாம் ஞாபகமிருக்கு" எண்டா. நான் அண்டைக்குப் பொய்யாவது சொல்லியிருக்கலாம், பிடிச்சனான் எண்டு. வாயில வரேல்லை மாமா.

ஐஞ்சு மாசமா ஒரு சொட்டுத் தொடேல்லை. லொறி ஓடினால்தான் வீடும் ஓடும். ஆகவே தாங்கள் மனமிரங்கி, நான் பொறுப்பான மனிதன் என்று நாலு வரி எழுதித் தந்து உதவ வேண்டும்.

மாமிக்கு என் அன்பு. தேவமாதா தங்கள் இருவரையும் நோய்நொடியின்றிக் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகன்,
வின்சன்

பி.கு: பின்னேரம் எழுதிறன். கடித உறை ஒட்டச் சோத்துப் பருக்கை எடுப்பம் எண்டு எழும்பேக்க, கூட்டாளி றொமேஸ் மோட்டார்சைக்கிளில வந்தான். மகள் சோதினை பாஸ் பண்ணிட்டாளாம், கையில போத்தல். ஆன்சலாவும் பிள்ளையளும் வீட்டில இல்லை. ஒண்டு எண்டான், நான் ரெண்டு குடிச்சன். அவனுக்குத் தலை சுத்திச்சுது. "பின்னால ஏறு, நான் ஓடுறன்" எண்டு சொன்னது நான்தான் மாமா, அவன் ஓடச் சொல்லிக் கேக்கேல்லை. சந்தி வரைக்கும் போயிட்டன். மனச்சாட்சி மறிச்சுது எண்டு எழுத எனக்கும் ஆசைதான். பெற்றோல் முடிஞ்சுது. உருட்டிக்கொண்டு வரேக்க நானே மிஸ்ஸுக்குப் போன் பண்ணிச் சொன்னன். "புதன்கிழமை வாங்கோ அண்ணை, முதலில இருந்து தொடங்குவம்" எண்டா.

நற்சான்றிதழ் எழுதாதேங்கோ. இந்தக் கடிதத்தைக் கிழிப்பம் எண்டுதான் முதல் நினைச்சனான். கிழிச்சால் நாளைக்கு இன்னொண்டு எழுதுவன், அதில பெற்றோல் கதை இராது. அதாலதான் அனுப்பிறன்.