தற்செயல் நானாவின் மூடாத குடை

புத்தளம் மாவட்டத்தில் தற்செயலாக எதுவும் நடப்பதில்லை. அப்படி நடந்ததெல்லாம் ஒரே மனிதர் ஏற்பாடு செய்து நடத்தியது. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு, பால்குடிப் பிள்ளையிலிருந்து பள்ளிவாசல் தலைவர் வரைக்கும், அவர் தற்செயல் நானா, எல்லோருக்கும் அண்ணன். தொழில் கலியாணத் தரகு. ஆனால் தரகர் என்று யாராவது வாய் திறந்து சொல்லிவிட்டால் மனிதர் ஒரு கிழமைக்கு முகம் கொடுக்க மாட்டார்.

"நான் பேசி முடிக்கிற ஆள் இல்ல. ரெண்டு குடும்பம் தற்செயலா சந்திக்கும். பக்கத்தில நானும் தற்செயலா நிப்பன். அவ்வளவுதான்" என்பார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வீடு தேடி வந்து பெண் பார்த்தவர்கள் வேண்டாம் என்று போனால், மறுநாள் மீன் சந்தை வரைக்கும் கதை போய்விடும். கடைத்தெருவில் தற்செயலாகச் சந்தித்தவர்கள் வேண்டாம் என்றால்? யாரும் யாரையும் பார்க்க வரவே இல்லையே. இந்த அரிய கண்டுபிடிப்புக்கு அரசாங்கம் இன்றுவரை ஒரு பட்டமும் கொடுக்கவில்லை.

ஒருமுறை ஆஸ்பத்திரிக் கண் கிளினிக் வரிசையில் இரண்டு குடும்பத்தையும் எதிரெதிரே உட்கார வைத்தார். ஒருவருக்கும் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. பெண் வருவதற்குள் நர்ஸ் வந்து மாப்பிள்ளையின் கண்ணில் மருந்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். பெண் எதிரே வந்து நின்றபோது அவருக்குத் தெரிந்தது ஒரு மஞ்சள் மூட்டம் மட்டும்தான். உடனே ஓம், சம்மதம் என்று சொல்லிவிட்டார். இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இன்னொருமுறை சிலாபம் பஸ்ஸில் இரண்டு குடும்பத்தையும் ஏற்றினார். மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். அவர்களுக்குப் பிடித்து வைத்த இடத்தில் வேறொரு குடும்பம் ஏறி உட்கார்ந்தது. பாதி வழி தாண்டுவதற்குள் பெண்ணின் உம்மாவும் அந்தக் குடும்பத்துப் பெரியம்மாவும் உறவாகிவிட்டார்கள். அவருடைய தொழிலில் மெய்யாகவே தற்செயலாக முடிந்த கலியாணம் அது ஒன்றுதான். நானாவுக்கு அது பெரிய அவமானம்.

பெண் பார்க்கும் நேரத்துக்கும் அவரிடம் ஓர் அளவு இருந்தது. ஒரு ஐஸ்கிறீம் சாப்பிடுகிற நேரம். "அதுக்கு மேல பாத்தா எவனும் எவளையும் கட்டமாட்டான்" என்பது அவருடைய உறுதியான முடிவு. கலியாணம் ஆன எவரும் அதை மறுத்து நான் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவர் கையில்தான் உம்மா என்னை ஒப்படைத்தார். எனக்கு அப்போது முப்பதுக்கு ஒரு வயது குறைவு. புத்தளத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. அதற்கு முன்னால் மூன்று வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முதல் வீட்டார் உயரம் கூடிப்போச்சு என்றார்கள். இரண்டாவது வீட்டார் படிப்புக் கூட என்றார்கள். மூன்றாவது வீட்டார் வாய் கூட என்றார்கள். என்னில் ஏதாவது குறை என்று ஒருவரும் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் சந்தோசம். ஆனால் உம்மா உருகிப் போய்விட்டார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இந்தத் தடவ எவன் வந்தாலும் நீ ஓம் எண்டு சொல்லோணும். எனக்கு இனி தெருவில தலகாட்ட ஏலா புள்ள."

சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவ்வளவு பெரிய வாய், உம்மாவின் கண்ணீருக்கு முன்னால் அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து, கல்பிட்டிப் பக்கம் பாதை போட்டு, வெள்ளைக்காரர் பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வரத் தொடங்கிய காலம் அது. கண்டக்குழிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு முதலாளி கேளிக்கைப் பூங்கா ஒன்றைத் திறந்திருந்தார். உலகத் தரம் என்று வாசலில் எழுதியிருந்தது. உள்ளே கார்னிவலில் ஓய்வு பெற்ற ராட்டினம் ஒன்று, நீர்ச்சறுக்கு ஒன்று, குளத்தில் மிதிக்கிற அன்னப் படகுகள் சில, சீமெந்தில் செய்த டைனோசர் ஒன்று. டைனோசருக்கு வால் முடிவதற்குள் சீமெந்து முடிந்துவிட்டதால் அது பெரிய கபரகொய்யா உடும்பு மாதிரி நின்றது. தங்குவதற்கு அறைகளும் உண்டு. இரண்டு குடும்பமும் விடுமுறைக்கு வந்ததுபோல் ஓர் இரவு தங்கவேண்டும், அங்கே தற்செயலாகச் சந்திக்கவேண்டும். இதுதான் திட்டம்.

புயல் வரும் என்று ரேடியோ இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கண்டக்குழி மீனவர்கள் வள்ளங்களைக் கரையில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். ராட்டினம் சுற்றுகிற அந்தோனி அண்ணன் அந்த ஊர்க்காரர். எங்கள் வான் வண்டி வந்து நின்றதும் வானத்தைக் காட்டினார்.

"இண்டைக்கு வீட்டுக்குப் போறது நல்லம். காத்து வருது."

"நான் நாள் குறிச்சாச்சு தம்பி" என்றார் நானா. "காத்து எண்டாலும் என்னக் கேட்டுத்தான் வரோணும்."

காற்று அவரைக் கேட்கவில்லை.

அன்றைக்கு நானாவின் வேடத்தைச் சொல்லவேண்டும். கறுப்புக் கண்ணாடி, பிள்ளைகள் போடுகிற தொப்பி, கழுத்தில் வாத்துத் தலை வைத்த மிதவை வளையம். யாரோ எவரோ என்று ஐஸ்கிறீம் கடை ஓரத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். சைகைக்குக் குடை. குடை விரிந்தால் பார்க்கத் தொடங்கலாம். குடை மூடினால் போதும், எழும்பிப் போய்விட வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் சிலாபத்திலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை நிஸ்தார், அவருடைய உம்மா. டைல்ஸ் கடை. பார்க்க ஆள் நன்றாகத்தான் இருந்தார். தலைமயிரை ஒவ்வொன்றாகப் படிய வைத்திருந்தார் போல. நாங்கள் ஒரு மேசை, அவர்கள் அடுத்த மேசை. நானா குடையை விரித்தார். கடலிலிருந்து ஒரு காற்று வந்து குடையை வெளிப்பக்கமாகப் புரட்டியது. கம்பி வளைந்தது. நானா இழுக்கிறார், அமுக்குகிறார், காலால் மிதிக்கிறார், குடை மூடவில்லை. குடை மூடாததால் பெண் பார்த்தலும் முடியவில்லை. ஐஸ்கிறீம் தீர்ந்து, கோப்பையையும் வழித்து, மழையும் தொடங்கிய பிறகும் இரண்டு குடும்பமும் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஐஸ்கிறீம் கடைக் கூரைத் தகரம் பறந்ததும்தான் எழும்பினோம்.

வெளியே போக வழி இல்லை. பாதை நெடுக தென்னை விழுந்து கிடப்பதாகச் செய்தி வந்தது. வந்திருந்தவர்களை எல்லாம் பூங்காக்காரர்கள் சாப்பாட்டு மண்டபத்துக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். காற்றில் போய்விடும் என்று அன்னப் படகுகளையும் இழுத்து உள்ளே போட்டார்கள். எங்கள் குடும்பம் ஒரு சுவரோரம், மாப்பிள்ளை குடும்பம் எதிர்ச் சுவரோரம். ஐஸ்கிறீம் அளவுக் காரியம் மறுநாள் வரைக்கும் நீண்டது.

நானா வேடத்தைக் கலைக்கவில்லை. எல்லோர் முன்னாலும் வாப்பாவிடம் வந்து உரத்த குரலில் சலாம் சொன்னார்.

"நீங்க எந்த ஊர்?"

வாப்பா சூதுவாது தெரியாதவர். "என்ன நானா, முந்தநாளும் எங்கட வீட்டிலதானே தேத்தண்ணி குடிச்சீங்க" என்றார். உம்மா கிள்ளிய கிள்ளில் மனிதர் அதோடு வாயை மூடிக்கொண்டார்.

உம்மா என்னிடம் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைத் தந்து, "போய் அந்த மாமிக்குத் தற்செயலா குடு" என்றார்.

"தேத்தண்ணிய எப்பிடி உம்மா தற்செயலா குடுக்கிற?"

"வாய்க்கு வாய் பேசாத. போ."

மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விசயம் தெரிந்துவிட்டது. தெரியாததுபோல் நடித்தது நாங்கள் மட்டும்தான்.

இதற்கிடையில் மாப்பிள்ளை ஓர் அன்னப் படகைப் பிடித்து, இருக்கையில் காலை நீட்டிப் படுத்துவிட்டார். அந்த அன்னத்திலிருந்து வந்த கட்டளைகளை நான் இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். உம்மா, சீனி காணாது. உம்மா, ஜன்னலால தூத்தல் அடிக்குது. உம்மா, என்ட சப்பாத்து எங்க. அந்த மனுசிக்கு முழங்கால் வருத்தம். நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்தார். கூரை ஒழுகியபோது மற்ற ஆண்கள் மேசைகளை அடுக்கித் தார்ப்பாய்ப் படங்கு கட்டினார்கள். வாப்பாகூடச் சாரத்தை மடித்துக்கொண்டு ஏறினார். மாப்பிள்ளை அன்னத்தின் கழுத்தில் சாய்ந்துகொண்டு, படங்கு கோணலாக இருக்கிறது என்று சொல்லி உதவினார்.

புயலுக்கு நான் அவ்வளவு பயப்படவில்லை. கொடுத்த வாக்குக்குத்தான் பயந்தேன். ஐஸ்கிறீம் நேரத்தோடு முடிந்திருந்தால் தலைமயிரை மட்டும் பார்த்து ஓம் சொல்லியிருப்பேன், பிறகு ஆயுள் முழுக்க அந்த முழங்காலோடு ஓடுவது நானாகத்தான் இருந்திருக்கும். இப்போது எல்லாம் தெரிந்த பிறகும் ஓம்தான் சொல்லவேண்டும். உம்மாவின் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் முற்பகல் குளம் உடைத்து மண்டபத்துக்குள் தண்ணீர் வந்தது. கணுக்கால் என்று பார்த்தால் முழங்காலைத் தொட்டது. வயதானவர்களையும் பிள்ளைகளையும் தூக்கிப் படகுகளில் இருத்தினார்கள். எல்லாப் படகும் நிறைந்துவிட்டது, ஒன்றைத் தவிர. எங்கள் உம்மாவும் மாப்பிள்ளையின் உம்மாவும் தூணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார்கள்.

அந்தோனி அண்ணன் அன்னத்தைத் தட்டினார். "தம்பி, எழும்புங்க. இந்த ரெண்டு பேரையும் இருத்துவம்."

"இது ஒராளுக்குத்தான் காணும்" என்றார் மாப்பிள்ளை.

மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து நானா வந்தார். வருகிற வழியில் தொப்பி விழுந்தது, கறுப்புக் கண்ணாடி விழுந்தது. வாத்து வளையம் மட்டும் கழுத்தில் இருந்தது.

"டேய் நிஸ்தார். எறங்குடா. பெத்தவ தண்ணில நிக்கிறா, நீ அன்னத்துல ஊர்வலமா போற? ஒன்ட வாப்பா இரிந்தா இப்ப செருப்பால அடிச்சிரிப்பாரு. எறங்கு."

முன்பின் தெரியாதவராக நடித்த மனிதர், பெயரும் தெரிந்து, வாப்பா இறந்ததும் தெரிந்து பேசுகிறார். மாப்பிள்ளை சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். சம்பந்தியாகவிருந்த இருவரையும் தூக்கி ஒரே அன்னத்தில் எதிரெதிரே இருத்தினோம். உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு மாப்பிள்ளையின் உம்மா முதலில் சொன்னது இதுதான்.

"எங்கட புள்ளய டா போட்டுக் கூப்பிட இவன் யாரு? எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்."

அதைச் சொல்லிவிட்டு இன்னும் வசதியாகக் காலை மேலே எடுத்து வைத்துக்கொண்டார். எங்கள் உம்மா அழுதார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதை இருமலாக மாற்றினேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு நானா கடை கடையாக ஏறி ஒரே கதையைச் சொன்னார். தன் வாய் கெட்டுப்போய்விட்டது, தன் நாக்கால்தான் சம்பந்தம் முறிந்தது, புள்ளையில ஒரு குற்றமும் இல்லை. மீன் சந்தையில் பேச்சு என்னைப் பற்றி இருக்கவில்லை, அவரைப் பற்றித்தான் இருந்தது. ஆண் பிள்ளை வைத்திருந்தவர்கள் கொஞ்சக் காலம் அவர் பக்கமே போகவில்லை. நாலு பேர் முன்னால் தங்கள் பிள்ளையையும் டேய் என்றுவிடுவாரோ என்ற பயம். அந்த வருடம் புத்தளத்தில் தற்செயலாக ஒன்றுமே நடக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு வான் வண்டியில் வரும்போது நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மரங்களை வெட்டி வெட்டிப் பாதை விட்டதால் வான் ஊர்ந்துதான் வந்தது. உம்மா அவரோடு பேசாமல் கண்ணை மூடிக்கொண்டார். வாப்பா மெய்யாகவே தூங்கினார். குறிஞ்சிப்பிட்டி தாண்டியதும் நான் முன் சீட்டுப் பக்கம் குனிந்து கேட்டேன்.

"நானா, வாய் தவறிடிச்சா? இல்லாட்டி வேணுமெண்டே ஏசினீங்களா?"

அவர் திரும்பவில்லை. "நீ அந்தப் பொடியனப் பாத்த பார்வைய நேத்தே நான் பாத்துட்டன் மகள்" என்றார். பிறகு கேட்டார்.

"சரி, சொல்லு. ஒனக்கு எப்பிடிப்பட்ட ஆள் வேணும்?"

அதுவரை அதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. மூன்று வீட்டாருக்கும் முன்னால் சீலை உடுத்தி நிறுத்திய உம்மா கேட்டதில்லை, வாப்பா கேட்டதில்லை, நானே என்னைக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தொடங்கினேன். வேலையை விடச் சொல்லாத ஆள். தேத்தண்ணிக் கோப்பையைத் தானே கழுவுகிற ஆள். நான் சிரித்தால் சத்தம் கூட என்று சொல்லாத ஆள். ஒன்று சொல்ல ஒன்று வந்துகொண்டே இருந்தது. நானா ஒரு சொல் குறுக்கே பேசவில்லை. பாலாவிச் சந்தி வந்தது, இனி வீடு கிட்டத்தான். அப்போது அவர் டிரைவரின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, அந்தத் தேத்தண்ணிக் கடையில கொஞ்சம் நிப்பாட்டு. புள்ள இன்னும் சொல்லி முடிக்கல்ல."