மாதிரிக் கடிதம்

"இங்கிலீஷ்ல 'நாட்டி'ன்னு எழுதியிருக்கீங்க கார்த்திகேசு," என்றார் மேனேஜர் குல்ஜார் பேகம். "நவமணிக்கு என்ன வயசு?"

"அம்பத்து நாலு மேடம்."

"நாட்டின்னா மூணு வயசுப் பிள்ளை செவுத்துல கிறுக்குறது. அம்பத்து நாலு வயசு பொம்பளைய யாராச்சும் இப்படி எழுதுவாங்களா? சரியான வார்த்தையா போட்டுக் கொண்டாங்க."

மூலையில் கணினிக்கு முன்னால் இருந்த குமாஸ்தா ஷாமினி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் கார்த்திகேசுவுக்குக் காதெல்லாம் சுட்டது.

செமோர் பிஸ்கட் தொழிற்சாலையில் அவன் சூப்பர்வைசர் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பதினெட்டு வருடமாக சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவன். தமிழில் அதட்டுவான், மலாயில் சமாளிப்பான். இங்கிலீஷின் தயவு அவனுக்குத் தேவைப்பட்டதே இல்லை. போன வருடம் கம்பெனி கைமாறியது. அன்றிலிருந்து தொழிலாளி செய்யும் தப்பையெல்லாம் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்றாகிவிட்டது. குல்ஜார் பேகம் ஈப்போவில் தமிழ் பேசி வளர்ந்தவர்தான். ஆனால் புகார் படிவத்தில் ஒரு வார்த்தை தமிழ் இருந்தாலும் மேலிடம் திருப்பி அனுப்பிவிடும்.

நவமணி செய்த தப்பு பெரிதாக ஒன்றுமில்லை. திங்கட்கிழமை காலை எல்லோரையும் நிற்க வைத்து ஒரு நோட்டீஸை இங்கிலீஷில் வாசித்த கார்த்திகேசு, பாதியில் திக்கித் திணறினான். முன்வரிசையில் நின்ற நவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் மோட்டார் செயின் அறுந்து இருபது நிமிடம் தாமதமாக வந்தாள். தாமதம் கிடக்கட்டும், அந்தச் சிரிப்புதான் அவனுக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

அதிலும் அவள் ஒரு காலத்தில் அதே லைனுக்கு லீடர். கார்த்திகேசு அவளுக்குக் கீழே அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவன். கணவர் படுத்த படுக்கையானதும் வேலையை விட்டாள். நான்கு வருடம் கழித்து வெறும் பேக்கிங் ஆளாகத் திரும்பி வந்தாள். சூப்பர்வைசர் யார் என்று காட்ட ஒரே ஒரு கடிதம் போதும் என்று நினைத்தான்.

ஓய்வு நேரத்தில் ஷாமினியிடம் போய்க் குழைந்தான். "தங்கச்சி, சாம்பிள் சூராட் ஏதாச்சும் இருக்கா?"

"பழைய ஃபைல்ல ஒண்ணு இருக்குண்ணே. பேரு, சைன், கீழ கையால எழுதுனது எல்லாம் கறுப்பு மார்க்கர்ல அழிச்சிருக்கும். மேடம் ஆர்டர்."

அந்த மாதிரிக் கடிதத்தைக் கேண்டீனுக்குக் கொண்டுபோய், மைலோ ஆறுவதுகூடத் தெரியாமல் பார்த்துப் பார்த்து எழுதினான். என்ன கனமான வார்த்தைகள். முதலில் நின்ற 'இன்சபார்டினேட்'டை மட்டும் கைப்பேசியில் தேடினான். மேலுள்ளவருக்கு அடங்காதவர் என்று வந்தது. சரிதானே, சிரித்தாளே.

நடுவில் 'ஸ்லீப்பிங்' என்றும் மாவு மூட்டை என்றும் ஏதோ இருந்தது. எவனோ ஒரு தறுதலை மூட்டைக்குப் பின்னால் படுத்துத் தூங்கியிருக்கிறான். இப்படிப்பட்டவனையெல்லாம் வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் எப்படித்தான் பிஸ்கட் சுட்டார்களோ என்று தலையில் அடித்துக்கொண்டான். அந்த இடத்தை விட்டுவிடத்தான் நினைத்தான். ஆனால் அந்த வாக்கியம் மூன்று வரிக்கு நீண்டது, எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை, மணியும் அடித்துவிட்டது. முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் குல்ஜார் பேகம் கதவைச் சாத்தச் சொன்னார்.

"நவமணி அக்கா சம்சு குடிச்சிட்டு வேலைக்கு வர்றாங்களா?"

கார்த்திகேசு மேசைமேல் இருந்த தாளை எட்டிப் பார்த்தான். "அப்படியா எழுதியிருக்கு மேடம்?"

"நீங்கதான எழுதுனீங்க? வாயில சாராய வாடை, மாவு மூட்டைக்குப் பின்னால அஞ்சு தடவை தூக்கம், லைன் லீடர கெட்ட வார்த்தையில திட்டுனது, பிஸ்கட் டின்னைத் தூக்கி எறிஞ்சது. இதெல்லாம் நீங்க கண்ணால பாத்தீங்களா, இல்லையா?"

காப்பி அடித்தேன் என்று அந்த நிமிடமே சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஷாமினி திரும்பிப் பார்த்தாள். ஏற்கெனவே ஒரு தடவை சிரித்தவள் அவள்.

"பாத்தேன் மேடம்," என்றான் கார்த்திகேசு. "சம்சு மட்டும்... கொஞ்சமா."

விளக்கம் கேட்டு நவமணிக்குக் கடிதம் போனது. அன்று மத்தியானத்துக்குள் தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. கேண்டீனில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். அதைப் பார்த்த கார்த்திகேசு மீன் குழம்பைத் தொடாமலே தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டான்.

சாயந்திரம் வண்டி நிறுத்துமிடத்தில் நவமணி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் கார்த்தி, நான் சம்சு குடிச்சத நீ பாத்தியா?"

"அது வந்துக்கா, இங்கிலீஷ்ல அப்படித்தான் எழுதுவாங்க."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை மறுபடியும் நிதானமாகப் பார்த்தாள். "இதெல்லாம் நீயேவா எழுதுன?"

"நானேதான்."

"சரி," என்று சொல்லி அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எனக்கு வேலை போச்சுன்னா, படுத்துக் கிடக்குற மனுசனக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

கார்த்திகேசுவுக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, யோசனைதான் வந்தது. "அக்கா, மன்னிப்புக் கேட்டு ஒரு சூராட் குடுத்துருங்க. ஒரு வார்னிங்கோட முடிஞ்சிரும். நானே எழுதித் தாரேன்."

"நான் சைன் வச்சா உனக்குப் பிரச்சினை வராதா?"

"நம்ம ரெண்டு பேருக்கும் வராதுக்கா."

அவன் குற்றப் பட்டியலை அப்படியே பார்த்தெழுதி, கடைசியில் 'சாரி' சேர்த்தான். அவள் படித்தாள், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை அந்தத் தாளை வாங்கிப் பார்த்த குல்ஜார் பேகம் பெருமூச்சு விட்டார். "நல்லதாப் போச்சு. எல்லாத்தையும் அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இனிமே விசாரணை வேணாம். நாளையோட நிப்பாட்டிரலாம்."

"வார்னிங் இல்லையா மேடம்?"

"குடிச்சிட்டு வந்தேன்னு சைன் வச்சவங்கள மெசின் பக்கத்துல எப்படி விடுறது?"

கார்த்திகேசு கேண்டீன் வரைக்கும் போனான், திரும்பி வந்தான். மறுபடியும் கேண்டீன் வரைக்கும் போனான். வீட்டில் மகள் துளசிக்குப் பதினாறு வயது. பொய் சொன்னதற்காகப் போன வாரம்தான் அவளை அரைமணி நேரம் நிற்க வைத்துத் திட்டியிருந்தான். அது இப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

வெள்ளிக்கிழமை காலை நவமணி தன் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். குல்ஜார் பேகம் பேனாவை எடுத்தார்.

"மேடம், வேணாம்," என்றான் கார்த்திகேசு. குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னான். "அக்கா குடிக்கல. தூங்கல. டின்ன எறியல. நான் இங்கிலீஷ் வாசிக்கும்போது சிரிச்சாங்க, அவ்வளவுதான். இருபது நிமிசம் லேட்டு. அதுகூட செயின் அறுந்து போச்சு."

"அப்ப மத்ததெல்லாம்?"

"சாம்பிளப் பாத்துக் காப்பி அடிச்சேன் மேடம். எனக்கு அர்த்தம் தெரியாது. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு." கண் கலங்கியது. அதை ஷாமினி பார்க்கிறாளே என்று இந்தத் தடவை அவன் கவலைப்படவில்லை. "அந்த சாம்பிள்ல இருக்குறவன் எந்தக் குடிகாரப் பயலோ. அவன் பண்ணுனதெல்லாம் இந்தக்கா தலையில கட்டிட்டேன்."

நவமணி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குல்ஜார் பேகம் அடையாள அட்டையை அவள் பக்கம் தள்ளினார். "நீங்க லைனுக்குப் போங்கக்கா. குடிச்சீங்கன்னு சொன்னது பொய்னு நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்." பிறகு கார்த்திகேசுவைப் பார்த்தார். "பொய் ரிப்போர்ட் குடுத்தா அதுவும் தப்புதான். தெரியும்ல?"

"தெரியும் மேடம். எனக்கு என்ன சூராட் வேணும்னாலும் போடுங்க."

"ஷாமினி, அந்த சாம்பிள எடு. அதப் பாத்து இவருக்கு ஒண்ணு அடி."

ஷாமினி ஃபைலைத் திறந்தாள். அழித்த இடத்தில் என்னதான் இருக்கிறது என்று தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கறுப்பு மைக்குப் பின்னாலிருந்து பழைய டைப் எழுத்தும் கீழே பேனா எழுத்தும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவள் கார்த்திகேசுவைப் பார்த்தாள், நவமணியைப் பார்த்தாள்.

"புதுசா அடிக்க வேணாம் மேடம். இந்த சூராட்டே கார்த்தி அண்ணன் மேல போட்டதுதான். 'பொண்டாட்டி மாசமா இருக்கா, பையன விட்டுருங்க'ன்னு கீழ எழுதி, கேன்சல் பண்ணி சைன் வச்சிருக்கிறது நவமணி அக்கா."