மூன்றடிக் கண்ணும் முதல் மார்க்கும்

ஜவ்வாது மலை
14-10-1984

மரியாதைக்குரிய அண்ணன் கோபால்சாமி அவர்களுக்கு, தம்பி ரங்கசாமி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நாங்களும் மாடுகளும் நலம். ஒடுகத்தூரில் நீங்களும் அண்ணியும் அவ்வாறே இருக்க மலைமேலிருந்து வேண்டுகிறோம்.

பொங்கலுக்கு வந்தபோது, "ஒம் பொண்ணுக்குப் படிப்பு ஏறல, நிறுத்திட்டு மாடு மேய்க்க வுடு" என்று சொல்லிப் போனீர்கள். கரும்பலகையில் ஒன்றிருக்க கன்னியம்மாள் வேறொன்றை எழுதுகிறாள் என்று வாத்தியாரும் அதையேதான் சொன்னார். நானும் நிறுத்திவிடத்தான் இருந்தேன். அதற்குள் ஆனி மாதம் ஜமுனாமரத்தூர் சந்தையில், நான் நாலு கடை தள்ளி நிற்க, இவள் ஓர் உப்புக்காரர் கையைப் பிடித்து, "அப்பா, வூட்டுக்குப் போலாம்பா" என்கிறாள்! அவருக்கு மொட்டைத் தலை. என் முடி உங்களுக்கே தெரியும்.

மறுநாளே வீட்டில் கண் பரிசோதனை வைத்தேன். காலண்டர் தாள்களைப் புளியமரத்தில் முள்ளால் குத்தி, பன்னிரண்டு அடி தள்ளி அவளை நிறுத்தினேன். ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை பிசகாமல் சொன்னாள். நான் பூரித்துப் போனேன். "வரிசையா குத்தி வெச்சா கண்ண மூடிக்கினே சொல்லுவா" என்றாள் என் வீட்டுக்காரி பாஞ்சாலை. கலைத்துக் குத்துவதற்குள் ஆடு வந்து பதினேழாம் தேதி முதல் மாசக்கடைசி வரை தின்றுவிட்டது. மிச்சத்தில் ஒரு தாளை பாஞ்சாலை தூக்கிப் பிடித்து, "இன்னாடி தெரியுது?" என்றாள்.

"தோசையாம்மா?"

சிரித்தோம். அப்புறம் சிரிப்பு வரவில்லை. மூன்றடிக்கு வந்த பிறகுதான் "எட்டு" என்றாள். "தூரத்துல எல்லாருக்கும் இப்டிதானேப்பா தெரியும்?" என்று கேட்டாள், அண்ணா.

ஆடியில் கண் முகாம் வந்தது. முதல் ஆளாகக் கூட்டிப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "கிட்டப்பார்வை. யாருங்க கண்டுபிடிச்சது?" என்றார். "நாந்தாங்க" என்றேன். கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. கண்ணாடி போட்ட அன்று வெளியே வந்தவள், "எதிர் மலையில வூடுங்க இருக்குதுப்பா!" என்று கத்தினாள். ஒன்பது வருஷம் அந்த மலைக்கு எதிரேதான் வளர்ந்தாள்.

காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் அவள்தான் முதல். வாத்தியார் வீடு தேடி வந்து, "என் மேலதாங்க தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே மாடுகளை நானே மேய்த்துக்கொள்கிறேன். இதை அங்கே நாலு பேருக்கு உரக்கப் படித்துக் காட்டவும்.

அண்ணிக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தம்பி ரங்கசாமி

பி.கு.: எழுதி முடிக்கையில் கன்னியம்மாள் வாசற்படியில் நின்றபடியே, என் தோளுக்கு மேலாக முழுக்கடிதத்தையும் படித்துவிட்டாள். "ஏம்ப்பா, சந்தையிலிருந்து நாம வந்ததும் கண்ணுதான் கோளாறுன்னு சொன்னது அம்மாதானே? நீ காத்து கருப்புன்னு மந்திரிக்கத்தானே கெளம்பினே?" என்கிறாள். அதனால் மேலே 'நான்' என்று வருமிடங்களில் 'பாஞ்சாலை' என்று திருத்திப் படிக்கவும். மொட்டைத் தலை விஷயத்தில் மட்டும் திருத்தம் வேண்டாம்.