இழுத்தது யாருக்கு?

எனக்கு எழுத்து சரியாக வராது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம், எழுதினால் ஒற்று எங்கே போடுவது என்று குழப்பம், இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். சாகக் கிடக்காத புருஷன் வாயில் கடைசிப் பால் ஊற்றிய பெண்பிள்ளை இந்த ஹந்தானையில் நான் ஒருத்திதான். ஊரே அதைப் பேசி முடித்தாயிற்று. நான்தான் இன்னும் பேசவில்லை.

என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டியவர். தோட்டத்தில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் கண்டி ஆஸ்பத்திரிக்கு அவர் கார்தான். ஒருநாள் அந்தக் காரைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே பாரிசவாதம் வந்து விழுந்தார். ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டது. வாய் கோணி, பேச்சு எப்போதாவது ஒரு சொல், அதுவும் பாதி. காரை வீட்டுக்குப் பின்னால் இருந்த கோப்பி ஸ்டோரில் தள்ளி விட்டோம். (தேயிலை வருவதற்கு முந்தி கோப்பிக்கொட்டை சேர்த்துவைத்த கட்டடம். கோப்பி போய் எத்தனையோ தலைமுறை ஆயிற்று, பெயர் மட்டும் போக மாட்டேன் என்கிறது.) வருஷக்கணக்கில் கார் அங்கே, அவர் இங்கே கட்டிலில், நடுவில் ஒரு ஜன்னல். ரெண்டு பேரையும் துடைப்பது என் வேலை.

மகள் செல்விக்குக் கலஹாவில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணப் பேச்சு நடக்கும்போது அவர் நல்ல கையால் ஜன்னலைக் காட்டினார். மகளைக் கோயிலுக்கு அந்தக் காரில்தான் கூட்டிப்போக வேண்டுமாம், தான் முன் சீட்டில் உட்கார வேண்டுமாம். படுத்த பிறகு அவர் ஆசையாகக் கேட்டது அது ஒன்றுதான். டொக்டரோ, இன்னொரு தடவை வாதம் வந்தால் ஆள் தாங்காது என்று சொல்லியிருந்தார். வீட்டில் சாவு விழுந்தால் கல்யாணம் தள்ளிப்போகும். தள்ளிப்போன கல்யாணம் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் திரும்பி வந்ததில்லை. நான் ராத்திரி பகலாக அவர் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. அந்த வாரத் தொடக்கத்தில் அவருடைய பழைய கூட்டாளி, மெக்கானிக் அஸீஸ் நானா வந்தார். நாறிப்போன பெற்றோலை இறக்கினார், பிளக்கைத் தேய்த்தார், காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் நின்ற இடத்தில் குளிர்காய்ச்சல் கண்ட ஆள் மாதிரி நடுங்கியது. காலை வைத்து மிதித்தால் நடுக்கம் போகும், எடுத்தால் திரும்ப வரும். புதுப் பிளக் போட்டுப் பார்த்தும் அதே கதை.

“ஓடுறதுக்கு ஒரு கொறையும் இல்ல தங்கச்சி. சும்மா நிக்கத்தான் இதுக்கு ஏலாது” என்றார்.

(வேலை இருந்தால் திடமாக இருந்து, சும்மா இருந்தால் நடுங்குகிற அந்த வியாதி எனக்கும் உண்டு. அதற்கு மருந்து இல்லை.)

அந்த நேரம் உள்ளே அவர் முனகினார். ஓடிப்போய்க் குனிந்தேன். கண்ணை அகல விழித்து, கட்டிலைத் தட்டித் தட்டி ஒரே சொல்லைச் சொன்னார். “இழுக்குது.”

எங்கள் வீடுகளில் ஒரு நோயாளிக்கு இழுக்கிறது என்றால் அர்த்தம் ஒன்றுதான். கடைசி மூச்சு. அவருடைய அக்கா பாக்கியம் மதினி ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டு, பாதியில் நிறுத்தி, கடையில் இருந்த டெலிபோனில் கலஹாவுக்கும் சொல்லி அனுப்பிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். செல்வி அழவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, வெள்ளிக்கிழம வரைக்கும் இருங்கப்பா” என்றாள்.

நான் பால் ஊற்றப் போனேன். பசும்பால் இல்லை. மாப்பாலைக் கரைத்தேன், அதுவும் கட்டி கட்டியாக. கை தன்பாட்டில் சீனியும் போட்டுவிட்டது, சீனி இல்லாமல் அவர் குடிக்க மாட்டார் என்று. முதல் கரண்டி வாயோரம் வழிந்து கழுத்தில் இறங்கியது. அவர் தலையை ஆட்டினார். உயிர் அல்லாடுகிறது என்று மதினி தலையைப் பிடித்துக்கொண்டார். ரெண்டாவது கரண்டியை அவர் என் முகத்திலேயே துப்பினார். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டிச் சொன்னார்.

“எனக்கில்லடி. காருக்கு.”

ஒப்பாரிச் சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்ற அஸீஸ் நானா, “காத்து இழுக்குது எண்டா சொல்றீங்க?” என்று கேட்டார். கட்டிலில் கிடந்தவர் ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தார். நானா காரிடம் ஓடினார்.

பிறகு எனக்கும் விளக்கினார்கள். எஞ்சினுக்குள் போகக்கூடாத வழியில் காற்று புகுந்தால் மெக்கானிக்மார் அப்படித்தான் சொல்வார்களாம். காபரேட்டரின் அடியில் காற்றுப் புகாமல் வைக்கிற தாள் அடைப்பு, கேஸ்கட், சும்மா நின்றே காய்ந்து வெடித்திருந்தது. நானா அந்த மூட்டில் எண்ணெய் சொட்டு விட்டதும் நடுக்கம் ஒரு நிமிஷம் அடங்கியது, அதில் பிடிபட்டுவிட்டது. தடித்த தாளில் புது கேஸ்கட் வெட்டிப் போட்டார். எஞ்சின் ஓடியபடியே கார் நடுங்காமல் நின்றது. அவரைத் தூக்கிப்போய் முன் சீட்டில் வைத்தோம், நெஞ்செல்லாம் பால்கறையோடு.

கலஹாவுக்குத் திரும்பச் சொல்லி அனுப்ப யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சம்பந்திமார் பஸ் பிடித்து, சாவு மாலையோடு வந்து சேர்ந்தார்கள். சம்பந்தியம்மா தூரத்திலிருந்தே அழுதுகொண்டு வந்தவர், செத்தவர் காரில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு நின்றுவிட்டார். சம்பந்தி மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். (அவ்வளவு பெரிய மாலையை எங்கே ஒளிப்பது?)

“நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்கு சாவு மாலையோட வந்துட்டோமே. இது சரிவராதுங்க” என்றார் சம்பந்தியம்மா.

கதவுக்குப் பின்னால் நின்ற நான் வெளியே வந்தேன். அன்றுவரை அந்த அம்மாவிடம் ‘வாங்க’ என்பதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை.

“தப்பு என்னோடதுங்க. அவரு காரச் சொன்னாரு. அவருக்குத்தான் இழுக்குதுன்னு நெனச்சுப் பால ஊத்திட்டேன். சீனிகூடப் போட்டேங்க.”

சீனி என்றதும் சம்பந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாலையோடு குலுங்கினார். சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடினார், முந்தானைக்குள்ளும் சிரிப்புத்தான். மாலையைத் தேயிலைச் செடிகளுக்குள் வீசினார்கள். வெள்ளிக்கிழமை செல்வி அந்தக் காரில் கோயிலுக்குப் போனாள், முன் சீட்டில் அவள் அப்பா.

அடுத்த மழைக்கு முந்தி அவருக்கு உண்மையாகவே இழுத்தது. பால் கரண்டியோடு குனிந்த நான், யோசிக்காமல், “உங்களுக்கா, காருக்கா?” என்று கேட்டுவிட்டேன். வாயின் நல்ல பக்கம் கொஞ்சம் மேலே போனது. அதற்குப் பிறகுதான் ஊற்றினேன்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாருக்குச் சளி பிடித்து இழுத்தாலும் மருமகன் அதைத்தான் கேட்கிறார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

வெடித்தது காபரேட்டருக்கு அடியிலா, வேறு எங்காவதா என்று எனக்கு நிச்சயமில்லை. அஸீஸ் நானாவைக் காண்கிறவர்கள் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். ஒற்றுப் பிழையையும் திருத்திவிடுங்கள். சீனி போட்டது மட்டும் சரி, ரெண்டு தடவையும்.